வலது கைப் பெருவிரல்

அன்றைக்கு ரேஷன் கடையில் பாமாயில் வந்திருந்தது. அது வந்தால் தேவாரத்தில் பாதி ஊர் அங்கேதான் நிற்கும். ஆட்கள் நிழலில் ஒதுங்கிக்கொள்ள, அவர்களுக்குப் பதிலாகப் பைகள் வரிசையில் நின்றன. மேற்கே மலையை மேகம் மூடிக் கிடந்தது. சாக்கு வாசனையும் ஈர அரிசி வாசனையும் ரோட்டைத் தாண்டி டீக்கடை வரைக்கும் வந்தன.

நான் டீக்கடையில் நின்றேன். எனக்கு அந்த வரிசையில் வேலை இல்லை. எங்கள் வீட்டில் ரேஷன் அரிசியை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

ராகேலின் முறை வந்தது. ஐம்பதைத் தாண்டிய விதவை. எங்கள் சபையில் முதல் பாயில் உட்காரும் பெண். எடை போடுகிறவர் கைரேகைக் கருவியை அவர் பக்கம் திருப்பினார்.

"பெருவெரல வைங்க ஆத்தா."

ராகேல் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "வைக்க மாட்டேன் தம்பி."

"என்னாத்தா இது? ஊரே வச்சுட்டுப் போகுது. ஒங்க வெரல் மட்டும் தேஞ்சா போயிரும்?"

"தேஞ்சாத் தேயட்டும். வலது கையில மிருகத்தோட முத்திரைய வாங்குனவுகளுக்கு மோட்சம் இல்லைன்னு வேதத்துல கெடக்கு. எங்க சர்வேயர் அண்ணன் படம் வரைஞ்சே காட்டிட்டாக. அந்தா அங்கன நிக்கிறாக பாரு, கேட்டுக்க."

வரிசை மொத்தமும் என் பக்கம் திரும்பியது. டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, பெரிய மனிதத் தோரணையில் லேசாகத் தலையை ஆட்டினேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது.

ராகேல் காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். முழங்கால் வலியால் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். பாமாயிலும் போயிற்று, அந்த மாதத்து அரிசியும் போயிற்று.

போன வாரம் வாய்க்கால் தகராறில் நான் அடி வாங்கியதைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள் இந்த வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் சிரிக்க அதிகம் இல்லை. ராகேல் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. இதை எழுதாமல் வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் பேனா ஓடமாட்டேன் என்கிறது.

காடாத் துணியில் கடைசிக் காலம்

வேலை பார்த்த காலமெல்லாம் நிலம் அளக்கும் சங்கிலியும் வயலின் அளவைக் காட்டும் புலப்படமும்தான் என் உலகம். ஜெயமங்கலத்து வயல்களிலிருந்து கம்பத்துத் திராட்சைத் தோட்டங்கள் வரை வரப்பு வரப்பாக நடந்து அளந்தவன். ஒரு கோடு போனால் அது எங்கே போய் முட்டுகிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஓய்வு பெற்றதும் கோடு போட நிலம் இல்லாமல் போயிற்று. கையில் வேதப் புத்தகம் இருந்தது. அதில் உலக முடிவைச் சொல்லும் கடைசிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன்.

படித்தவர்களுக்குத் தெரியும், அது சர்வேயருக்கென்றே எழுதினதுபோல இருக்கும். ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம். மூன்றில் ஒரு பங்கு கடல், மூன்றில் ஒரு பங்கு மரம். ஓரிடத்தில் நாற்பத்திரண்டு மாதம், இன்னோரிடத்தில் அதையே நாள் கணக்கில் பெருக்கிச் சொல்லியிருக்கும். தரிசனம் கண்டவரின் கையில் ஒரு கோலைக் கொடுத்து ஆலயத்தை அளக்கச் சொல்கிறார்கள். அதைப் படித்த அன்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். ஆண்டவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைத்தேன். ஆசைக்கு அளவு ஏது?

பதினெட்டு முழம் காடாத் துணி வாங்கினேன். கஞ்சி போட்டு, காயவைத்து, ஆதியிலிருந்து முடிவு வரைக்கும் ஒரே கோடாக வரைந்தேன். நியாயத்தீர்ப்புக்குச் சிவப்பு, சபைக்கு நீலம், இஸ்ரவேலுக்குப் பச்சை. கடலிலிருந்து எழும்பும் மிருகத்துக்குத் தலை ஏழு, கொம்பு பத்து. கொம்புகளை வரைய மட்டும் எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சபையில் தீர்க்கதரிசன வகுப்பு. துணியைச் சுவர் நீளத்துக்குக் கட்டுவோம். பழைய அளவுகோலால் ஒவ்வொரு படமாகத் தொட்டுக் காட்டுவேன். ஃபேன் காற்றில் துணி ஆடும்போது மிருகமும் ஆடும். சின்னப் பிள்ளைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அதிலும் எனக்கு ஒரு திருப்தி.

இரண்டு சூத்திரம் வைத்திருந்தேன். ஒரு நாள் என்றால் ஒரு வருடம். புலப்படத்துக்கு ஸ்கேல் போடுகிற மாதிரி. அடுத்தது, ஆறாவது முத்திரைக்கும் ஏழாவதுக்கும் நடுவே ஒரு இடைவெளி வரும். எக்காளத்திலும் அப்படியே, ஆறு ஊதியதும் ஒரு நிறுத்தம். "அந்த இடைவெளியிலதான் நாம இப்ப உக்காந்திருக்கோம்" என்று நான் சொன்னால் சபை முழுக்க "ஆமென்" என்று அதிரும்.

பாஸ்டர் என்னைவிட வயதில் சின்னவர், சண்டைக்கு வராத மனிதர். ஒரே ஒரு தடவை மெதுவாகச் சொன்னார்.

"பிரதர், அது மொதல்ல ஏழு சின்னச் சபைகளுக்கு வந்த லெட்டருங்க. ராஜாவுக்குப் பயந்து ஒளிஞ்சு கெடந்த சனங்களுக்கு ஆறுதலா எழுதுனது. அதயும் கொஞ்சம் சொன்னீகன்னா நல்லாருக்கும்."

"ஆறுதல் சொல்ல நீங்க இருக்கீக. அளந்து சொல்ல நான் இருக்கேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போது வாய் அப்படி.

குழியும் வெட்டுக்கிளியும்

என் வியாக்கியானம் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதற்கு ஒரு கதை சொல்லிவிட்டு ராகேலிடம் வருகிறேன்.

எங்கள் பக்கத்து மலையைக் குடைந்து அடியில் ஏதோ ஆராய்ச்சிக்கூடம் வரப்போவதாகப் பேச்சு வந்தது. அணைக்கு ஆபத்து என்றார்கள், ஆடு மேய்க்க இடம் போய்விடும் என்றார்கள், அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சிலர் சொன்னார்கள். ஊர் இப்படித் தவித்துக்கொண்டிருந்தபோது நான் சிவப்புப் பென்சிலைச் சீவினேன். கடைசிப் புத்தகத்தில் ஒரு குழி திறக்கிறது அல்லவா? புகை எழும்பி, அதிலிருந்து வெட்டுக்கிளிகள் புறப்பட்டு வருமே, அந்தப் பாதாளக் குழி? மலையை வரைந்து அடியில் ஒரு ஓட்டையும் போட்டு, "இதுதான் அது" என்றேன்.

அந்த வாரம் கம்பத்திலிருந்து திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் சபைக்காரர்கூட இல்லை. நெற்றியில் விபூதி.

"ஐயா, வெட்டுக்கிளி வருதுன்னு சொன்னீகளாமே. காய் வெட்டுறதுக்கு முந்தியா, பிந்தியா? முந்தின்னா நான் இப்பயே வியாபாரிகிட்டப் பேசிருவேன்."

மனிதர் மெய்யாகவே கேட்டார். அவருக்கு அது ஒரு வருடத்துப் பாடு. "அது ஆவிக்குரிய வெட்டுக்கிளிய்யா" என்று சமாளித்தேன். "அப்பக் கொடிய ஒண்ணும் செய்யாதுல்ல?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகப் போனார். கூடம் வந்ததோ இல்லையோ, என் துணியில் குழி வந்துவிட்டது.

அன்றைக்கே நான் நின்றிருக்க வேண்டும். ஒருவன் என் கோட்டை நம்பித் தன் வெள்ளாமையை வைக்கிறான் என்று தெரிந்த அன்றைக்கே. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருந்துவிட்டேன்.

மூன்று வீடு

கைரேகை வைத்தால்தான் ரேஷன் என்று வந்தபோது வகுப்பில் ஒருவர் எழுந்து கேட்டார், இதுதானா அண்ணே அது என்று. வலது கையிலாவது நெற்றியிலாவது மிருகத்தின் முத்திரை இல்லாதவன் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது என்ற பகுதியை அதற்கு முந்தின வாரம்தான் நடத்தியிருந்தேன்.

ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எல்லாம் கச்சிதமாக முட்டுகிறதே! வலது கை, வாங்குவது, ஒரு எண், ஒரு இயந்திரம். நான்கு எல்லைக் கல்லும் சரியாக விழுந்த புலம்போல இருந்தது. சிவப்புப் பென்சிலால் மிருகத்தின் காலடியிலிருந்து ஒரு அம்பு இழுத்து, ஒரு சின்னக் கருவியை வரைந்தேன். "புத்தியுள்ளவன் கணக்குப் பார்க்கட்டும்" என்றேன்.

ஆதார் எடுத்தபோது பத்து விரலையும் கொடுத்தோமே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேயும் ஒருவர் கேட்டார். அதற்கும் பதில் வைத்திருந்தேன். அது வெறும் அளவை, இது கிரயப் பத்திரம். வாங்குவது வரும்போதுதான் வசனம் பலிக்கும் என்றேன். என் வாய்க்கு எந்த வேலி?

வீட்டில் அரிசி உள்ளவர்கள் "ஆமென்" சொன்னார்கள். ரேஷனை நம்பியிருந்தவர்களில் மூன்று வீட்டுக்காரர்கள் விரல் வைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். ஒரு வீட்டில் இரண்டாம் மாதமே, கூட்டம் சேருமுன் கடைக்குப் போய் வைத்துவிட்டு வந்தார்கள். இன்னொரு வீட்டில் மாமியார் சத்தம் போட, மருமகள் வைத்துவிட்டாள். மிஞ்சியது ராகேல் ஒருத்தர்.

ராகேல் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுத்துப் பேர் மாற்றிக்கொண்டவர். இருபது வருடம் ஜீப்பில் மலையேறி, கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்தவர். புருஷன் போனபிறகு ஒரே மகள் செல்வியைப் பண்ணைப்புரத்தில் கட்டிக்கொடுத்தார். முழங்கால் விட்டுப்போனதும் தோட்டத்தை நிறுத்திவிட்டார். அவர் வீட்டு அடுப்பு எரிந்தது ரேஷன் அரிசியால்தான். இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கடைக்காரர் நல்லவர். முதலில் இரண்டு மாதம் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போட்டார். பிறகுதான் கட்டாயம் என்று வந்துவிட்டது. அப்போதும், "வெரல் வேணாம்னா கண்ணக் காட்டுங்க ஆத்தா, மிசினு கண்ணையும் எடுக்கும்" என்றாராம். "கண்ணு நெத்திக்குக் கீழதான தம்பி இருக்கு? அதுவும் கூடாது" என்று ராகேல் சொல்லிவிட்டாராம். எனக்கு இந்தப் பதிலை யாரோ சொன்னபோது, என் மாணவிகளிலேயே இவர்தான் முதல் மாணவி என்று பூரித்துப்போனேன்.

அதற்கு மேல் நான் செய்ததுதான் பெரிய பாவம். அடுத்த ஞாயிறு வகுப்பில் அவரை எழுந்து நிற்கச் சொன்னேன். "ஊரெல்லாம் மிருகத்துக்குப் பின்னால போனாலும் நம்ம சபையில ஒரு ராகேல் இருக்கு" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் கூச்சத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு அந்த மனுஷி எப்படிக் கடைக்குப் போய் விரல் வைப்பார்? திரும்பி வரும் வழியையும் நானே கல் நட்டு அடைத்துவிட்டேன்.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைச் சேர்த்து ஊழியக்காரரான பாஸ்டர் வீட்டுக்குக் கொடுப்பார்கள். பாஸ்டர் தன் வீட்டுப் பிடியரிசியில் பாதியை ராகேலுக்கு அனுப்பினார். கொஞ்ச காலம் ஓடியது. ஊழியக்காரர் வீட்டுச் சோற்றைத் தின்னக்கூடாது என்று பிறகு ராகேலே நிறுத்திவிட்டார்.

உத்தமபாளையத்தில் ஒரு காலை

பென்ஷன் வாங்குகிறவன் வருடத்துக்கு ஒரு தடவை, தான் இன்னும் உயிரோடு இருப்பதாக நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் நேரில் போய் நின்றால் போதும். இப்போது கம்ப்யூட்டர் சென்டரில் விரலை வைத்தாலும் வேலை முடிந்துவிடும். எனக்கு அப்போது காலில் புண், ஆறவில்லை. ஆபீசில் போய் நிற்க முடியாது.

"ஒங்க மிருகத்த விட்டுத் தள்ளுங்க" என்றாள் என் மனைவி. "பென்ஷன் நின்னா இன்சுலின் யாரு தருவா? கடைசிக் காலம் வருதோ இல்லையோ, மாசக் கடைசி வந்துரும்."

தேவாரத்தில் வைத்தால் சபைக்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள். ஆட்டோ பிடித்து உத்தமபாளையம் போனேன். அங்கே காதர் பாயின் கம்ப்யூட்டர் கடை. முன்பு அவருடைய அப்பாவின் தோட்டத்தை நான் அளந்து கொடுத்திருக்கிறேன், அந்தப் பழக்கம்.

காதர் பாய் கருவியைத் துடைத்து என் முன்னால் வைத்தார். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. ஊருக்கே பயம் காட்டிய மிருகம் பிஸ்கட் பாக்கெட் அளவில் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

"என்ன சார் யோசனை?"

"பாய், எந்தக் கையாயிருந்தாலும் எடுக்குமா?"

"எந்தக் கையின்னாலும் எடுக்கும். ரேகை விழுந்தாப் போதும்."

நான் இடது கைப் பெருவிரலை வைத்தேன்.

வலது கை என்றுதானே எழுதியிருக்கிறது? இடது கை என்று எங்கேயும் இல்லையே? ஆட்டோவில் திரும்பி வரும்போது எனக்குப் பரம திருப்தி. வசனத்தையும் மீறவில்லை, பென்ஷனும் வரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு இஞ்ச் விட்டுத்தான் நின்றிருக்கிறேன் என்று எனக்கு நானே புலப்படம் போட்டுக்கொண்டேன்.

காதர் பாய்க்கு என் வகுப்பைப் பற்றித் தெரியும். ரசீதை நீட்டும்போது சொன்னார், "எங்களுக்கும் கடைசி நாளுக்கு நெறைய அடையாளம் இருக்கு சார். எங்க அத்தா ஒண்ணுதான் சொல்வாக. நாளு அவன்கிட்ட இருக்கு, பக்கத்து வீட்ல ஒலை கொதிக்குதான்னு பாக்குறதுதான் நம்மகிட்ட இருக்கு." நான் காதில் வாங்காததுபோல வந்துவிட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இடது கை வைக்கலாம்னா ராகேலுக்கும் சொல்ல வேண்டியதுதான? அது ரெண்டு நாளா வெறும் கடுங்காப்பியோட கெடக்காம். ஊருக்குத்தான் உபதேசமா?"

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இத்தனை நாள் யோசித்திருக்கிறேன். இடது கை போதும் என்று சொன்னால் முதல் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகூடச் சிரிக்கும். பதினெட்டு முழத் துணியும் கேலியாகிவிடும். நான் சர்வேயர் அண்ணனாக இருக்க முடியாது, வெறும் பென்ஷன்காரன் ஆகிவிடுவேன். அவ்வளவுதான் காரணம். தெய்வமும் இல்லை, மிருகமும் இல்லை.

அடுத்த வருடமும் போனேன். அதற்கடுத்த வருடமும் போனேன். அதே இடது கை.

கறுப்புக் குதிரை

ராகேல் மறுபடி ஜீப் ஏறினார். கடை அரிசி வாங்கக் கூலி வேண்டுமே. விடியும்முன் பிளாஸ்டிக் காகிதத்தைத் தலையில் போர்த்திக்கொண்டு அவர் தெரு முக்கில் நிற்பதை நான் நடைப்பயிற்சிக்குப் போகும்போது பார்ப்பேன்.

"முட்டி எப்பிடி இருக்கு சிஸ்டர்?"

"சாரமில்லண்ணே" என்பார். மலையாளத் தோட்டத்தில் ஒட்டிக்கொண்ட சொல். பரவாயில்லை என்று அர்த்தம். நானும் பரவாயில்லைபோல என்று நடந்துவிடுவேன்.

நான் மூன்றாம் தடவை விரல் வைத்துவிட்டு வந்த பிறகு வந்த ஆனி மாதச் சாரலில் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தேனிக்குக் கொண்டுபோனார்கள். கம்பி வைக்க வேண்டும், ஆனால் உடம்பில் ரத்தமே இல்லை, இருதயம் தாங்காது என்று சொன்னார்களாம். கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். செல்வி பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டாள்.

அவர் விழுந்த செய்தி வந்த அன்று நான் சபையில் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டும்போது கண்ணில் பட்டது, மூன்றாம் முத்திரை.

அதை உடைக்கும்போது ஒரு கறுப்புக் குதிரை வரும். அதன்மேல் இருக்கிறவன் கையில் தராசு இருக்கும். ஒரு நாள் கூலிக்கு ஒரு படி கோதுமை என்று ஒரு சத்தம் கேட்கும். பஞ்சம் என்பதற்கு அடையாளம். நான் அதை "உலக விலைவாசி" என்று எழுதி அடுத்த படத்துக்குப் போயிருந்தேன். வகுப்பில் அதற்கு நான் ஒதுக்கியது ஐந்து நிமிடம்.

மிருகத்துக்காக ரேஷன் கடைக் கருவியை உற்று உற்றுப் பார்த்தேனே, அதற்குப் பக்கத்தில் இருந்த தராசைப் பார்த்தேனா? ஒரு ஏழையின் படி அரிசி அந்தத் தராசிலிருந்து இறங்கிப்போனதைப் பார்த்தேனா? குதிரையில் இருப்பவனுக்கு முகம் வரைய வராமல் முக்காடு போட்டு விட்டிருந்தேன். அந்த முகம் யாருடையது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. துணியை அப்படியே கீழே போட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். பாஸ்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வீட்டில்

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சிஸ்டர், நான் சொன்னது தப்பு, நானே வச்சேன், என்னை மன்னிச்சிரு. மூன்றே வாக்கியம்.

மத்தியானம். சிமெண்ட் ஷீட் வீடு வெந்துகொண்டிருந்தது. தைல வாசனை, மூத்திர வாசனை. கயிற்றுக் கட்டிலில் ராகேல் பாதியாகக் கிடந்தார். செல்வி ஒரு தம்ளரில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா" என்று முக்காலியை இழுத்துப் போட்டாள்.

நான் உட்கார்ந்து வாயைத் திறக்குமுன் ராகேல் முந்திக்கொண்டார்.

"நல்ல நேரத்துல வந்தீகண்ணே. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் உசுரப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். நான் வெரல் வைக்காம இருந்தது சரிதான?"

அந்தக் கண்ணைப் பார்த்தேன். சரியில்லை என்று சொன்னால் அவர் பட்டினி கிடந்தது எதற்கு? சரிவில் விழுந்தது எதற்கு?

"சரிதான் சிஸ்டர்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "ஸ்தோத்திரம்" என்றார். பிறகு மகளைப் பார்த்தார்.

"கேட்டியாடி செல்வி? ஒங்க ஊர்க் கடையிலயும் பிள்ளைக வெரலக் கேக்குறாகன்னு நேத்துப் பொலம்புனீல்ல. நீயும் வைக்காத, பிள்ளைகளையும் வைக்க விடாத. கார்டு போனாப் போகட்டும். அண்ணனே சொல்லிட்டாக."

செல்வி தம்ளரைக் கையில் வைத்தபடி என் பக்கம் திரும்பினாள். எதிர்த்துப் பேசும் பார்வை இல்லை அது. மெய்யாகவே கேட்டாள்.

"மாமா, ரெண்டு பிள்ளைக. அவருக்கு வாரத்துல நாலு நாள்தான் வேலை. நான் என்ன செய்யட்டும்? நீங்க சொன்னாச் செஞ்சிர்றேன்."

எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இன்னொரு அடுப்பும் என் வாயால் அணையப் போகிறது.

"வச்சிரு தாயி" என்றேன். "பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போயி வை. நானே வச்சிருக்கேன். மூணு வருசமா வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், பென்சனுக்கு. நான் சொன்னதெல்லாம் தப்பு."

செல்வி தம்ளரைக் கீழே வைத்தாள். ராகேல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"எந்தக் கையிலண்ணே வச்சீக?"

"இடது கையில."

போர்வைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்தார். ஏலக்காய்க் கறை போகாத விரல்கள். அதைப் புதிதாகப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் இடது கை இருந்துச்சேண்ணே" என்றார்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தார். இடுப்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் என்னைப் பார்த்தபடியே கிடந்தார்.